குண்டு விழுந்த தூரம்

காலை ஐந்து நாற்பதுக்கு
ஏழாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள்.
ஐந்து ஐம்பதுக்கு
என் திரை வெள்ளையானது.

உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது,
பரிசீலனைக்குப் பின் தெரிவிக்கிறோம்
என்றது
நல்ல தமிழில், ஒற்றுப்பிழை கூட இல்லாமல்.

கடலூர் முதுநகர் துறைமுகம்,
டோக்கன் அறை, ஒப்பந்த ஊழியை நான்.
எந்தப் படகு, எத்தனை பேர், எத்தனை லிட்டர் டீசல்,
யாருக்கு என்ன ரத்த வகை,
எந்தத் திசை, எந்த நாள் திரும்புவது
எல்லாம் நான்கு வருடமாகத் தட்டித் தட்டி
மேலே அனுப்பியிருக்கிறேன்.
மேலே என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வோம்.

அன்று கடலில் பதினோரு படகு.
பதினொன்று என்பது என் ஞாபகம்.
பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

சென்னைக் கம்பெனியில் நிவேதன் என்றொரு பையன்
அழாக்குறையாகப் பேசினான்.
அவர்கள் மென்பொருளை வாங்கிய இன்னொரு துறைமுகம்
வேறேதோ நாட்டில் இருக்கிறதாம்.
அந்த நாட்டுக்கு மற்றொரு நாடு
நேற்று ராத்திரி தடை போட்டதாம்.
தடை போட்ட நாட்டில்தான்
நம் பட்டியலை வைத்திருப்பவனுக்குத் தலைமையகமாம்.
"எங்களப் பூட்டுனதுல நீங்களும் உள்ள மாட்டிக்கிட்டீங்க அக்கா."

எனக்குப் பூகோளம் வராது.
பத்தாவதில் முப்பத்தெட்டு மார்க்.

தேசிங்குவின் மனைவி அஞ்சலாட்சி
ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.
லிஸ்ட்டு எங்க இருக்கு என்றாள்.
விரலால் மேலே காட்டினேன்.
அண்ணாந்து பார்த்தாள்.
கரண்ட் போய் நின்றிருந்தது மின்விசிறி.
ஓர் இறக்கையில் பல்லி.

ஐஸ் கம்பெனி இம்தியாஸ் பில் கட்டோடு வந்தார்.
பங்க்கிலிருந்து கடன் நோட்டு வந்தது.
இரண்டையும் ஒட்டிப் பார்த்ததில் பத்து தேறியது.
வயர்லெஸ்ஸில் ஒன்பது பதில் சொன்னது.
பரங்கிப்பேட்டையில் ஐஸ் ஏற்றிய தேசிங்கு
எந்தத் தாளிலும் இல்லை.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
மராட்டியரிடம் வெள்ளைக்காரன் விலைக்கு வாங்கியபோது
பீரங்கியைத் திசைக்கொன்றாகத் திருப்பிச் சுட்டானாம்.
குண்டு விழுந்த தூரம் வரை அவன் ஊர்.
குண்டு கிராமம் என்று இன்றும் சொல்கிறோம்,
அது ஏதோ சாமி பெயர் மாதிரி.
பனந்தோப்பு, உப்பளம், தூங்கிக்கொண்டிருந்த தெரு,
எவரையும் கேட்டு விழவில்லை குண்டு.

என்னைக் கேட்டார்கள்.
நாற்பத்தாறு பக்கம், ஆங்கிலத்தில்.
கடைசியில் எறும்புப் புற்றின் வாய் அளவு ஒரு கட்டம்.
அதில் டிக் அடித்தது இந்த விரல்தான்.

புயல் வடக்கே திரும்பி எங்கோ போனது.
தேசிங்கு பழையாற்றில் கரையேறி
யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டார்.
ஆள் சேதம் இல்லை.
ஆகவே யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

நான்காம் நாள் திரை திறந்தது.
உங்கள் பொறுமைக்கு நன்றி.
பட்டியல் அப்படியே இருந்தது.
மொத்தம் பன்னிரண்டு.

பன்னிரண்டாவது முந்தின நாளே திரும்பி
உப்பனாற்றில் கட்டிக் கிடந்ததாம்.
அதைக் கேட்ட பிறகும் அரைமணி நேரம்
என் கை மேசையில் நிற்கவில்லை.

அதிகாரி சொன்னார்:
கலெக்டர் ஆபீஸ், பாங்க், ஆஸ்பத்திரி
எல்லாம் அங்கதான் இருக்கு, நமக்கு மட்டும் என்ன பயம்.
அதான் சார் பயம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது எனக்கு.

இன்னொன்றும் சொல்லவில்லை.
நம் படகு எந்த ராத்திரி எல்லைக்கு எத்தனை மைலில் நிற்கிறதென்று
இங்கே எனக்குத் தெரிவதற்கு முன்
அங்கே யாருக்கோ தெரியும்.
அந்த யாரோ நல்லவராகவே இருக்கட்டும்.
அவருக்கு மேலும் ஒரு யாரோ இருப்பாரே.

சொந்தக் காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன்.
தினமும் வேலை முடிந்ததும் பிரதி எடுத்துப்
பழைய லைஃப் ஜாக்கெட்டில் சுற்றி வைக்கிறேன்.
அது விதிமீறல்.
இருபத்தேழாம் பக்கம்.

நேற்று புது நிபந்தனைகள் வந்தன.
ஐம்பத்திரண்டு பக்கம், கட்டம் அதே அளவு.
டிக் அடிக்காவிட்டால் டோக்கன் வராது.
டோக்கன் இல்லாமல் டீசல் கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே
அஞ்சலாட்சி, கேனோடு, வரிசையில் மூன்றாவதாக.

அடித்தேன்.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.