ஆறாவது கீறல்

செட்டியார் தெருவில் கரண்ட் போன பதினொரு மணி.
யோகநாயகி அக்கா கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து
கண்ணாடி மேசையில் வைத்தா:
நகத்தளவு வெள்ளி. மீன்செதில் மெல்லிசு.

"நோர்வேயில வாங்கினது. இவர்
மீன் பக்டறியில முதல் சம்பளம் எடுத்த மாதம்.
ஆயிரம் வருசப் பழசாம். என்ன பெறும்?"

தராசு சொன்னது: ஒன்று தசம் நான்கு கிராம்.
நான் சொன்னேன்:
வெள்ளியாய்ப் பார்த்தால்
ஒரு கொத்துரொட்டிக்கும் காணாது, அக்கா.

லென்சைக் கண்ணில் இடுக்கினேன்.
ஒரு பக்கம் ராசா, தலைமயிர் முள்முள்ளாய்.
மறுபக்கம் விளிம்பு வரை கை நீட்டிய சிலுவை.
சுற்றிவர எழுத்து. எழுத்து மாதிரி.
நெட்டுக்குத்தாய் நாலு கோடு, ஒரு வட்டம்,
தலைகீழாய் ஏதோ ஒன்று.

அக்கா விசாரித்து வைத்திருந்தா.
இங்கிலாந்து அரசன் கட்டிய கப்பம்
கப்பல் கப்பலாய் வடக்கே போனதாம்.
அதைப் பார்த்து அங்கே ஒருவன் அச்சு வெட்டினானாம்,
வாசிக்கத் தெரியாதவன்.
அதற்கு முன்னம் அவர்களிடம் புழங்கியது சமர்கந்துத் திர்ஹம்.
கலிமா பொறித்ததைக்
கத்தியால் நறுக்கி, நிறுத்து, மாடு வாங்கினார்களாம்.

எங்கள் லாச்சியிலும் ஒருவன் நிற்கிறான்.
சோழன் காசைப் பார்த்துப் பொலன்னறுவையில் அடித்த செம்பு.
பூப்பிடித்த கை குச்சியாகிவிட்டது,
வேட்டி வெறும் கோடு.
பார்த்து அடித்தவனைப் பார்த்து அடித்தவனைப் பார்த்து
அடித்த கை.

உரைகல்லை எடுத்தேன். தொழில்.
காசைச் சரித்தபோதுதான் கண்டேன்,
கத்திமுனைக் கொத்தல்கள். எண்ணினேன், ஐந்து.
எந்தக் குளிர்த்துறையிலோ விரல் விறைக்க நின்று
வெள்ளிதானா என்று குத்திப் பார்த்த
என் ஆட்கள்.
ராசாவின் முகத்தை ஒருத்தனும் நம்பவில்லை.

கல்லைத் திரும்ப வைத்தேன்.

"விக்கேல்லை எண்டால் சீட்டு எதுக்கு, தம்பி?"
நிறுத்ததுக்கு. முதலாளி கணக்குக் கேட்பார்.

கையெழுத்து வைத்தா,
கடவுச்சீட்டில் உள்ளபடி:
யோகனா என்றொரு பெயர், யாகி என்றொரு குடும்பம்.
ஒஸ்லோவில் ஒரு கந்தோர்ப் பெட்டை
காதில் விழுந்தபடி அடித்தது.
"பிழைதான்," என்றா. "முப்பத்தாறு வருசம்.
எல்லா இடமும் செல்லுது."

கரண்ட் வந்தது. விசிறி சீட்டைக் கிளப்ப,
அவசரத்துக்குக் காசைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

பாரம் காணவில்லை.