சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

மண்டபம் ஆஸ்பத்திரியில்
விரல் குத்துவது என் வேலை.
சந்தியாகுவின் விரல் என்றால்
ஊசியே ஒருமுறை யோசிக்கும்.
இருபது வருஷம் பாசிக் கயிறு இழுத்த தோல்.

போன மாசம்
குதிகாலைப் பவளப்பார் கிழித்தது
அவருக்குத் தெரியவில்லை.
மணலில் பின்னாலேயே வந்த சிவப்பைப் பார்த்து
யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள்.
அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

இன்றைக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"காளான்" என்றாள் மிக்கேலம்மாள்,
தாளைப் பார்க்கும் முன்பே.

வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை.
வைக்கோல் திருவாடானையிலிருந்து,
விதை மதுரையிலிருந்து, பஸ்ஸில்.
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீரை
சாக்குக்கு அளந்து தெளிக்கிறாள்.
வெளியே வெயில் உப்புக் காய்ச்ச
உள்ளே பையைக் கிழித்துக்கொண்டு
சாம்பல் நிறச் சிப்பிகள்.
"இவரு அடியில போயித் தேடுனாரு.
எனக்குக் கூரைக்குக் கீழயே வெளயுது."

நானும் படித்திருக்கிறேன்.
காளானில் ஒரு நார், பீட்டா குளுக்கான் என்று பேர்.
குடலில் கூழாக ஊறி
சோற்றின் சர்க்கரையை
ஒவ்வொன்றாக விடுமாம்,
பாம்பன் தூக்குப்பாலம் திறக்கையில்
வரிசையில் போகும் படகுகள் மாதிரி.

ஆனால் அந்தப் பக்கங்களில்
முக்கால்வாசி எலிகள்.
எந்த எலியும் கல்யாண வீட்டில்
இரண்டாம் தரம் பாயசம் கேட்டதில்லை.
மனிதர்கள் வந்த பக்கங்களில்
முப்பது பேர், மூன்று மாசம்,
கடைசியில் "இருக்கலாம்".

ராத்திரி பரோட்டா நின்றது.
டீயில் சீனி நின்றது.
மாத்திரை தவறவில்லை.
குறைந்த நூற்றுப் பதினாலில்
யாருக்கு எவ்வளவு என்று
மீனைப் போலக் கூறு வைக்க
என்னிடம் தராசு இல்லை.

"அப்ப மாத்திரைய நிறுத்திரவா?"

வேண்டாம், டாக்டர் சொல்லாமல் ஒன்றைக்கூட.
ரெண்டும் சேர்ந்து ரொம்பக் கீழே இழுத்தால்
வேர்க்கும், கை நடுங்கும்,
தண்ணிக்குள்ள இருக்கும்போது மயக்கம் வந்தா...

சந்தியாகு சிரித்துக்கொண்டே
மடியை அவிழ்த்தார்.
பாலிதீன் தாளில் சுற்றிய
ஒரு துண்டு கருப்பட்டி.
"வீட்டுல ஆகாது.
வத்தையில ஆகும். டாக்டரம்மா உத்தரவு."

போகும்போது மேசையில்
ஈரத் துணி மூடிய கால் கிலோ.
வேண்டாமென்று சொல்லவில்லை.
யாரிடமும் சொன்னதில்லை,
எனக்கும் ஒன்றரை வருஷமாகிறது.

மிளகு போட்டு வதக்கினேன். சாப்பிட்டேன்.
கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பிறகு
என் விரலை நானே குத்திக்கொண்டேன்.