திகதித் தாள்

ஆஸ்பத்திரிச் சந்தியில் ஓட்டோவை நிற்பாட்டி
ஹயருக்குக் காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினால்
வருசத்தில் நாலு மாதம் வரும்.
கூட்டிப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சக் காலம் போன் பார்த்தேன்.
பனிக்குள்ளால் லொறி ஓட்டுகிற ஒருத்தன்,
மூன்று மணித்தியாலம், பேச்சே இல்லை.
பிடித்திருந்தது.
டேட்டா முடிகிற இடத்தில்
அவனும் பனிக்குள் நின்றுவிடுவான்.

படங்களும் பார்த்தேன், பயணப் படங்கள்.
மலையுச்சியில் ஏறி அழுகிறார்கள்.
ஒருத்தரும் காணி உறுதி எடுக்கக்
கந்தளாய்க்குப் போய்
ஐயா லீவு என்று கேட்டுத்
திரும்பி வருவதில்லை.

நாற்பத்தாறு வயதில் நூலகத்துக்குப் போனேன்.
படிவத்தில் பிணை நிற்க ஓர் ஆள் வேணுமாம்.
பேக்கரி முபீஸ் கையெழுத்து வைத்தான்.
வைத்துவிட்டுக் கேட்டான்:
'புத்தகத்தோட நீ எங்கயும் ஓடினா
நானா கட்டுறது?'

வினோதா மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.
'என்ன மாதிரிப் புத்தகம்?'
பயணம், என்றேன்.
'எந்த நாடு?'
நாடில்லை மிஸ். பிறந்ததில இருந்து
போறது. அந்தப் பயணம்.
கொஞ்சநேரம் பேனையைத் திறந்து மூடினா.
பிறகு மூன்று இறாக்கைகளைக் காட்டினா,
ஒன்றுக்கொன்று தூரத்தில்.

சமயத்தில் எல்லாரும்
முன்னமே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.
தன்முன்னேற்றத்தில் எங்கு திறந்தாலும் ஏணி;
இறங்குகிறவனுக்கு ஒரு பக்கமும் இல்லை.
பயணக் கட்டுரை பரவாயில்லை, ஆனால்
எழுதியவரிடம் திரும்பி வர டிக்கெட் இருந்தது,
அது வசனத்துக்கு வசனம் தெரிந்தது.

ஜன்னலோரம், அலுமாரிக்குக் கீழே,
அட்டை போன ஒன்று கிடந்தது.
பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது.
ஒருவன் துறைமுகத்தில் நிற்கிறான்,
மனைவியின் சீப்பு சட்டைப்பையில்.
ஏன் போகிறான் என்பது
முதல் பதினாறு பக்கத்தில் இருந்திருக்கும்.
எனக்கது தேவைப்படவில்லை.
என் ஓட்டோவில் ஏறுகிறவர்களிடமும்
நான் கேட்பதில்லை.

வாசித்தது டச்சுக்குடாக் கரையில்,
ஹயர் இல்லாத மத்தியானங்களில்.
மானொன்று வந்து
சாப்பாட்டுப் பார்சல் சுற்றிய தாளைத் தின்றது.
புத்தகத்தையும் மோந்து பார்த்தது.
விட்டுவிட்டது.

கடைசிப் பக்கத்தில் திகதித் தாள்.
ஊதா மையில் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது,
பதினாலு நாளுக்கொருக்கால் யாரோ.
பிறகு ஆனி எண்பத்தைந்து.
அதற்கு அடுத்த முத்திரை தொண்ணூற்றாறு.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு விரல் அகலம்கூட இல்லை,
கோடு போட்ட தாள்தானே,
அடுத்த கட்டத்தில் அடித்திருக்கிறார்கள்.
எண்பத்தைந்தில் கொண்டுபோனவர்
எந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தார், எத்தனை முகாம்,
திருப்பிக் கொடுக்க வந்தது அவர்தானா?
மிஸ்ஸிடம் கேட்டேன்.
'தண்டப்பணம் பதிஞ்சிருக்கும்.
பழைய கொப்பி இல்லை' என்றா.

இரண்டாயிரத்து நாலு மார்கழிக்குப் பிறகு
தாளின் கீழ்ப்பாதி பழுப்பு,
உப்புக் காய்ந்தது போல ஒரு கரை.
நக்கிப் பார்க்கவில்லை.
பார்க்க நினைத்தேன்.

நாற்பதாம் பக்க ஓரத்தில்
குண்டு குண்டாய்ப் பென்சில் எழுத்து:
'இவன் இறங்கிற இடத்தில மழையா இருக்கும். குடை இல்லை.'
கீழே வேறொரு கை, பேனையால்:
'இருக்கு. பக்கம் 112 பார்.'
பார்த்தேன். குடை இல்லை.
ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் தடவையும் புதுப்பித்துவிட்டேன்.
இன்று மிஸ் அடித்த முத்திரையில் மை போதவில்லை,
மாதம் விளங்குகிறது, நாள் இல்லை.
'பரவாயில்லை, வாங்கோ' என்றா.

புத்தகம் இப்போது சீட்டுக்குக் கீழே,
ஸ்பானரோடும் இன்சூரன்ஸ் தாளோடும்.
அவன் வேறொரு துறைமுகத்தில்,
கப்பல் வராமல், நூற்றைம்பத்தோராம் பக்கத்தில்.
பின்னால் ஒரு பிள்ளைத்தாச்சி, அலஸ்தோட்டத்துக்கு.
பள்ளம் வர முன்னமே
'அண்ணை, மெல்ல' என்கிறா.
மெல்லத்தான் போகிறேன்.