பதுங்குகுழிக்கு அப்பால்

பலகை எதுவும் நடவில்லை.
யுத்தத்தில் ஜெர்மானியர் கட்டிய கான்கிரீட் பதுங்குகுழி
மணல்மேட்டிலிருந்து வழுக்கி
அலையோரம் தலைகுப்புறக் கிடக்கிறது.
அதுதான் எல்லை.
இந்தப் பக்கம் குடைகள், வாளிகள், உயிர்காப்பாளனின் விசில்.
அந்தப் பக்கம் யாரும் எதுவும் உடுத்துவதில்லை.
நகராட்சிக்குத் தெரியும்.
தெரியாதென்று எழுதி வைத்திருக்கிறது.

நான் பென்யே விற்பவள்.
எண்ணெயில் பொரித்த மாவு, உள்ளே ஆப்பிள்,
மேலே சர்க்கரை, இரண்டரை யூரோ.
கழுத்தில் மாட்டிய தட்டோடு
நாளுக்கு நான்கு முறை அந்தக் கான்கிரீட்டைத் தாண்டுவேன்.
முதல் வாரம் அடிவானத்தைப் பார்த்தே வியாபாரம்.
சில்லறை மாறிப் போயிற்று.
ஒருவர் சொன்னார்: "மதாம், கப்பல் எதுவும் வரவில்லை.
எனக்குச் சாக்லேட் வைத்தது ஒன்று."

பிறகு பழகிவிட்டது.
அவிழ்த்த பின்னும்
எல்லோரும் எதையோ போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
கூரை வேயும் ரெமோனுக்கு
வெள்ளைத் தோலில் ஒரு பனியன்.
சிப்பிப் பண்ணை மைலிஸுக்கு
முழங்கைவரை பழுப்புக் கையுறை.
சைக்கிள்காரன் தொடையில்
வெயில் கோடு கிழித்து நின்றிருக்கிறது.
காசை எங்கே வைப்பார்கள் என்று கேட்டான் என் மகன்.
தொப்பிக்குள். செருப்புக்கு அடியில்.
ஒருத்தி படிக்கும் புத்தகத்தில்
ஐந்து யூரோத் தாள்தான் பக்க அடையாளம்,
எனக்குக் கொடுத்தால்
விட்ட இடம் தெரியாமல் போய்விடும் அவளுக்கு.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழன்.
மேல்காற்று. மணல் கணுக்காலில் ஊசி குத்தியது.
ஒருவர் கைகாட்டினார்.
குடல்வால் தழும்பு, ஒடுங்கிய தோள்,
மூக்கில் மட்டும் வெள்ளைக் களிம்பு.
குரல்தான் முதலில் தெரிந்தது.
மார்ச் மாதம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து
அதே குரல் கேட்டது:
"வேன் வாங்கக் கடன் சரி, ஈடு என்ன இருக்கிறது உங்களிடம்?"

முசியே கசோபோன்
ஒரு வாய் கடித்த பிறகுதான்
பர்ஸ் காரில் என்பது நினைவு வந்தது அவருக்கு.
பையைத் தட்டிப் பார்க்கப் போன கை
வெறும் இடுப்பில் போய் நின்றது.
உதட்டில் சர்க்கரை.
"நாளைக்குத் தரலாமா?"

ஒரு வார்த்தை இருந்தது என்னிடம்.
ஐந்து மாதமாய்த் துடைத்துத் துடைத்து
பளபளவென்று வைத்திருந்தேன்.
அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று
இப்போது தோன்றுகிறது.
அதற்குள் காற்று அவர் துண்டைத் தூக்கியது,
பென்யேயும் கையுமாகத் துரத்தினார்,
ஓடும்போது கோழி மாதிரி இருந்தார்.
"சரி" என்றேன்,
முதுகுக்கு.

செவ்வாய்க்கிழமை வங்கி.
நீலச் சட்டை, டை, வெளுத்த மூக்கு.
தலை நிமிராமல்
கண்ணாடிக்கு அடியிலுள்ள பள்ளத்தில்
இரண்டு யூரோ ஒன்றும் ஐம்பது சென்ட் ஒன்றும் தள்ளினார்.
"ரசீது வேண்டுமா?" என்று கேட்டேன்.
காது மடல் சிவந்தது.
சிரித்தாரா, தெரியவில்லை.
வேனைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.
வெளியே வந்து பார்த்தேன்,
ஐம்பது சென்ட்டின் விளிம்பில்
கொஞ்சம் மணல்.