பன்னிரண்டு, அகலம்

சேர்ந்த புதிதில் எல்லாமே கறுப்பு.
கயிறு கட்டிய, தோல் அடி வைத்த ஆபீஸ் ஷூ.
அமெரிக்கா எழுந்து, சவரம் செய்து,
ஏழரை ரயிலுக்கு ஓடியது
ஆம்பூர் பைபாஸ் ஓரம்
என் நாலாம் நம்பர் மிஷினில்.

தையில் வெள்ளைச் சின்ன ஜோடிகள் தைப்போம்,
அவர்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஈஸ்டருக்கு.
எப்சிபா ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்ப்பாள்
ஆணி ஏதும் குத்துமோவென்று.
அந்த ஆர்டர் எந்த வருஷம் நின்றது?
அவளுக்கும் ஞாபகமில்லை.

அப்புறம் அச்சு அகலமானது.
கயிறு போய் எலாஸ்டிக்.
குனிய மாட்டார்கள் போல.
"வயசாச்சா, வயிறாச்சா?" என்றாள் நூருன்னிசா.
சூப்பர்வைசர் முறைத்தார். அவருக்கும் தொப்பைதான்.

நோய் வந்த வருஷம்
உள்ளே கம்பளி வைத்த வீட்டுச் செருப்பு,
கன்டெய்னர் கன்டெய்னராக.
வாசல் தாண்டாத கால்களுக்கு அதைத் தைக்க
துத்திப்பட்டிலிருந்து நடந்தே வந்தோம்,
கம்பெனி பஸ் ஓடவில்லை.

நேற்று ஒரு பெட்டி, திரும்பி வந்தது.
பன்னிரண்டாம் சைஸ், அகலம்.
புகார்ச் சீட்டில்: நடக்க வசதியில்லை.
புரட்டிப் பார்த்தேன்.
இடது அடி புத்தம் புதுசு.
வலதில் குதிகால் ஓரம் மட்டும் தேய்ச்சல்,
கார் மிதித்த தேய்ச்சல்.
நடந்தால்தானே ஐயா தெரியும்?

மேஜைக்கடியில் என் செருப்பை
ஒற்றைக் காலால் கழற்றித் திருப்பினேன்.
எனக்கும் வலதுதான்.
ஆனால் விரல் பக்கம்.

"ரிஜெக்ட்ல போடவா?" என்றாள் எப்சிபா.
இரு, என்றேன்.