பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று

ஆலிவ் மரங்களுக்குக் கீழே
முழங்கை ஆழத்தில்
ஒர்னெல்லா ஒரு கம்பிச்சுருளைப் புதைத்திருக்கிறாள்.
எட்டு கிலோ செம்பு,
பழைய கார் விற்ற காசு.
நாய் செத்துப் புதைக்கிறாள் என்று நினைத்தது ஊர்.
பாதிரியார் வந்து துக்கம்கூட விசாரித்தார்.

அப்பென்னைன் மலைமடிப்பு. நூற்றெழுபது பேர்.
சுருளின் வயர் கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
சமையலறைக் கணினியில் முடிகிறது.
அங்கே அவள் எழுதிய மென்பொருள்
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
இரவும் பகலும் கோடு போடுகிறது.

எந்தக் காதுக்கும் எட்டாத தாழ்வு அது.
ஒரே ஒரு அலை எழுந்து அமர
நூறு விநாடி.
அதற்குள் காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடும்.
சரக்கு ரயில் ஒன்று மலைக்குள் புகுந்து
மறுபக்கம் வெளிவந்துவிடும்.

முதல் இரண்டு வருடம்
அவள் நிலத்தைக் கேட்கவே இல்லை.
எவாரிஸ்தோ வீட்டு மின்சாரக் கதவைக் கேட்டாள்.
பால் குளிரூட்டும் தொட்டியை,
பள்ளத்தாக்கில் ஓடும் அதே ரயிலை,
சூரியன் எங்கோ தும்மியதை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகட்டி எழுதினாள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த ஒரு முனகல்
நான்கு மாதத் தூக்கத்தைத் தின்றது.
கடைசியில்,
யாரோ டிராக்டரை இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள்,
அவ்வளவுதான்.

எல்லாம் கழித்தபின் மிஞ்சுவது மண்ணின் குரல்
என்று நம்பினாள்.
வெங்காயம் உரித்தவர்களும்
அப்படி எதையோ நம்பித்தான் உரித்திருப்பார்கள்.

மார்ச் மாதம் கோடு வீங்கியது.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று ஹெர்ட்ஸ்,
பின்னிரவு, மூன்று நாள் தொடர்ந்து.
ஒரே ஒருவனிடம் சொன்னாள்,
ரொட்டிக்கடை நத்ஸரேனோவிடம்.
அவன் மனைவியோடும் கிளிக்கூண்டோடும்
காரில் போய்ப் படுத்தான்.
கழுத்து பிடித்துக்கொண்டது.
வேறொன்றும் நடக்கவில்லை.

மே மாதம் மறுபடி. ஜூன். ஆகஸ்டில் இரண்டு தரம்.
கிளிகூட மனப்பாடம் செய்துவிட்டது,
கார்க் கதவு திறக்கும் சத்தத்தை.

ஆறாம் முறை, நவம்பரில்,
அவள் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள், விடிய நேரமிருக்க,
முதலில் பாத்திரங்கள் அறிந்தன.
அப்புறம் சுவர்.
அப்புறம் மணிக்கூண்டு,
அடிக்க ஆளில்லாமல் ஒரே தரம் அடித்து
சாலையில் படுத்துக்கொண்டது.

நத்ஸரேனோ கீழே மாவு பிசைந்துகொண்டிருந்தான்.
மேலே மனைவி. கால் எலும்பு இரண்டு இடத்தில்.
கிளி இல்லை.
பறந்ததா புதைந்ததா
இன்றுவரை தெரியாது.

கூடாரத்துக்கு வெளியே நின்று கேட்டான்:
"வீங்கியிருந்ததா?"

கணினி விட்டத்துக்கு அடியில் நொறுங்கிக் கிடந்தது.
பொய் சொல்ல வாகான நொறுங்கல்.

"வீங்கியிருந்தது" என்றாள்.

நகத்தில் காய்ந்த மாவைச் சுரண்டியபடி
வெகுநேரம் நின்றான்.
"சொல்லியிருந்தாலும் படுத்திருக்க மாட்டோம்," என்றான்,
"கழுத்து."
அது உண்மைதானா,
இல்லை, அவளுக்கென்று பிய்த்துத் தந்த ரொட்டியா?
அவள் கேட்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.
ஐந்து முறை உட்கார்ந்தும் விழாத பழம்.
காக்கையைத் திட்ட முடியாது,
பழத்தையும் திட்ட முடியாது.
அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவளை?

வசந்தத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தாள்.
சுருளுக்கு ஒரு கீறல் இல்லை.
வேறொரு கணினி, வேறொரு ஜன்னல், தகர வீடு.
மென்பொருளில் ஒன்றே ஒன்றைச் சேர்த்தாள்:
ஒவ்வொரு வீக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்.
சொன்னேன்.
சொல்லவில்லை.
பழையவற்றை நிரப்பினாள், ஐந்து, பிறகு ஒன்று.

இன்று அதிகாலை ஏழாவது.
கட்டத்துக்குள் சுட்டி மின்னுகிறது.
அடுப்பில் காபி பொங்குகிறது.
அலை இன்னும் பாதிகூட முடியவில்லை.