பதின்மூன்று சீட்டு

பதின்மூன்று அணி என்றால் பன்னிரண்டு ஆட்டம்.
ஓர் ஆட்டம் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பும்.
கடைசியில் நிற்பவர்களை அனுப்ப
ஆட்டம் மிச்சமிருக்காது.
அவ்வளவுதான் விதி.
மற்றதெல்லாம் மழையும் வாய்ச்சண்டையும்.

சுங்கை கெராயோங் ஆபீசில்
பால் கணக்கு எழுதிய கை என்னுடையது.
பொம்பளைக்குப் பந்தில் கட்சி கிடையாது என்று
அவர்களாகவே முடிவு செய்து
மைலோ டின்னை என்னிடம் நீட்டினார்கள்.
இருபத்திரண்டு வருஷம் நான்தான் சீட்டு எடுத்தேன்.

கிண்ணம் எனக்கும் முந்தியது.
ஐம்பத்து மூன்றில் ஹார்கிரீவ் துரை கொடுத்தது.
ஆறு மணிக்கு ஊரடங்கு. அதனால்
பாதிக்கு இருபத்தைந்தே நிமிஷம்.
சமமென்றால் மறுநாள் மறுபடி.
மறுநாளும் சமமென்றால் காசு சுண்டுவார்கள்.

அறுபத்தேழு இறுதியில் சுண்டியது
அந்த வருஷம் புதிதாய் வந்த ஐம்பது காசு.
திடல் சேற்றில் விழுந்து
நட்டுக்குத்தாய் நின்றுவிட்டது.
நடுவர் சார்ஜன் ரஸாலி குனிந்து பார்த்தார்.
நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.
மெர்பாவ் தோட்டத்துக்குக் கிண்ணம்,
பேக்டரி லயத்துக்கு மூடி,
ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்வது என்று பேச்சு.
மூடி திரும்பவில்லை.
ஏதோ ஒரு சாமி மேடையில்
அதில் விபூதி இருப்பதாகக் கேள்வி.

பதினாறுக்கு மூன்று குறைந்தால்
மூன்று அணிக்குப் பை.
ஆடாமலே அடுத்த சுற்று.
மெர்பாவ் கேப்டன் குழந்தைசாமியின் மனைவி
சம்பள நாளில் சன்னலண்டை வந்து நின்றாள்:
"எங்க ஆளுங்களுக்குப் பை கிடைச்சிருக்காமே,
யாரு கையில கொடுத்து விட்டீங்க?"
ஆடாமல் ஜெயிப்பதற்குத்தான்
பை என்று பேர் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்போ கிராணிங்களுக்கு
வருஷம் பூரா பைதான்."
கைரேகை வைத்துக் காசை எண்ணிக்கொண்டு போனாள்.

இனி எழுதப்போவது
எந்த மினிட் புத்தகத்திலும் இல்லை.

எழுபத்தொன்பது.
அண்ணன் தணிகாசலம் மேல் டிவிஷனுக்கு இடது விங்.
காலையில் முந்நூறு மரம் வெட்டிவிட்டு
சாயங்காலம் காற்றை வெட்டுவான்.
அந்த வருஷம் கம்போங் பாரு பையன்கள் யானை.
முதல் சுற்றிலேயே முட்டிக்கொண்டால்
அண்ணன் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிடுவான்.

எல்லாச் சீட்டையும் மூன்றாய் மடித்தேன்.
கம்போங் பாருவை மட்டும் நான்காய்.
டின்னுக்குள் விரல் அதைத் தொட்டது,
தாண்டிப் போனது,
அட்டவணையின் அந்தப் பக்கம் நிரம்பும்வரை
காத்திருந்து எடுத்தது.
கை தட்டினார்கள்.

மேல் டிவிஷனுக்கு எதிரே விழுந்தது
தபால் ஆபீஸ்.
பதினொரு பேர் சேராமல்
மருந்தாளுநரை இரவல் வாங்கிய அணி,
கோலுக்குள் மூக்குக்கண்ணாடி.
எண்பத்தெட்டாம் நிமிஷத்தில்
தபால்காரர் அமானுல்லாவின் தலையில்
அவருக்கே சொல்லாமல் பந்து பட்டது.
பூஜ்யம், ஒன்று.
மறுநாள் கம்போங் பாருவும் பெனல்டியில் போனது.
நான் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்த இரண்டும்
ஒரே வாரத்தில் வீட்டில்.

அண்ணன் ராத்திரி பூட்ஸைக் கழற்றாமலே
சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான்.
"கம்போங் பாருவோட விழுந்திருந்தா
உயிரக் கொடுத்து ஆடியிருப்போம்.
தபால் ஆபீசுன்னதும்
பாதிப் பேரு நல்லா தின்னுட்டு வந்துட்டானுங்க.
எப்படிம்மா விழுந்துச்சு அது?"
"டின்னுதான்" என்றேன்.
சோறு போட்டேன்.
குழம்பில் உப்பு இல்லை. அவன் சொல்லவில்லை.

அடுத்த வருஷம்
கண்ணைக் கட்டிவிட்டால்தான் சீட்டு எடுப்பேன் என்றேன்.
என்ன ஒரு நேர்மை என்று
காரியதரிசி மைக்கில் சொன்னார்.
சிவப்புக் கைக்குட்டை, இறுக்கமான முடிச்சு.

துணி கண்ணுக்குத்தான்.
டின்னுக்குள்
ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது.
முதலில் பட்டதைப்
பிடுங்கி எடுத்துக் கொடுத்தேன்,
அடுப்பிலிருந்து எடுப்பதுபோல.